இரண்டு நாள் படிக்கிறேன், மூன்றாம் நாள் நின்றுவிடுகிறது

வாசகரின் கடிதம் (சுருக்கம்): தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 26. பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியும் வேலை கிடைக்கவில்லை. அம்மா பீடி சுற்றுகிறார். பகலில் அவருக்கு இலை வெட்டிக் கொடுப்பேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் படிப்பதாக அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவேன். இரண்டு நாள் நடக்கும். மூன்றாம் நாள் ஏதாவது வந்து தடைப்படும்; பிறகு ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. தினமும் காலையில் தன்னம்பிக்கை வீடியோக்கள் பார்க்கிறேன். அப்போது வரும் உற்சாகம் புத்தகத்தைத் திறந்ததும் போய்விடுகிறது. சில மாதங்களாக இரவு இரண்டு மணி வரை தூக்கமும் வருவதில்லை. நான் இயல்பிலேயே சோம்பேறி என்று தோன்றுகிறது. ஊக்கம் குறையாமல் தினமும் படிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களை நீங்களே சோம்பேறி என்று எழுதியிருக்கும் அதே கடிதத்தில் அதற்கான மறுப்பும் இருக்கிறது. மாலை ஐந்து மணி டியூஷனைப் பற்றி எழுதும்போது, அதை இரண்டு நாள் நடத்தி மூன்றாம் நாள் விட்டுவிட்டதாக நீங்கள் எழுதவில்லை; அதற்கு முன்னால் ஒரு தன்னம்பிக்கை வீடியோ தேவைப்படுவதாகவும் எழுதவில்லை. பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து பாயை விரித்திருப்பீர்கள். தலைவலி இருந்த நாளிலும், காலையில் வீட்டில் வாக்குவாதம் நடந்த நாளிலும் அந்தப் பாய் விரிக்கப்பட்டிருக்கும். சோம்பல் உங்கள் இயல்பாக இருந்திருந்தால் அது ஐந்து மணிக்கு மட்டும் விலகி நின்றிருக்காது.

ஆகவே, உங்கள் கேள்வியைச் சற்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். டியூஷன் நடக்கிறது, படிப்பு நடக்கவில்லை. இரண்டையும் செய்பவர் ஒருவர்தான் என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? டியூஷனை எப்போது தொடங்குவது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை, பிள்ளைகளின் வருகையே அதைத் தீர்மானித்துவிடுகிறது. எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை, அவர்கள் பையிலிருந்து எடுக்கும் வீட்டுப்பாட நோட்டு அதைச் சொல்லிவிடுகிறது. ஏழு மணிக்கு முடிந்துவிடும் என்பது முதலிலேயே தெரியும். முடிந்தபோது ஒரு பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு புரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறீர்கள். உங்கள் படிப்புக்கோ இவற்றில் ஒன்றுகூட இல்லை. சுவரில் ஒட்டிய அட்டவணையில் ‘4 முதல் 7 வரை பொது அறிவு’ என்று இருக்கும். எந்தப் பாடம், எந்தப் பக்கம், எத்தனை வினா, எங்கே நிறுத்துவது என்று எதுவும் இராது. அதிகாலை இருட்டில், அரைத் தூக்கத்தில், அத்தனையையும் அந்த நேரத்தில் தீர்மானித்துத் தொடங்க வேண்டும் என்றால் யாருக்கும் மனம் பின்வாங்கும்.

முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பல ஆண்டுகளுக்கு முன் என்னைப் பார்க்க வந்தபோது, கோப்பு ஒன்று நிறையக் கால அட்டவணைகளைக் கொண்டுவந்திருந்தார். நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவால், அளவுகோல் வைத்துக் கோடு போட்ட அழகான தாள்கள் அவை. எல்லாத் தாள்களிலும் முதல் இரண்டு நாள்களுக்கு நேராகக் குறி இருந்தது. அதற்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. படிக்க வேண்டும் என்ற ஆர்வம் அவருக்கு எவ்வளவு இருந்தது என்பதை அந்தக் கோடுகளே காட்டின. ஆனால் அவருடைய வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது எந்தத் தாளிலும் இல்லை. தண்ணீர் பிடிக்கும் நேரம் இல்லை, பாட்டிக்கு மருந்து கொடுக்கும் நேரம் இல்லை. உங்கள் அட்டவணையிலும் அம்மாவுக்கு இலை வெட்டும் நேரம் இருக்காது என்றே நினைக்கிறேன். இல்லாத ஒரு வீட்டில் வாழும் ஒரு பெண்ணுக்காகப் போடப்பட்ட அட்டவணையை இருக்கிற வீட்டில் நடத்த முடியாமல் போவதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்வது நியாயமாகாது.

நாளை முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், ஒரு சிறு நோட்டில் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். எழுந்த நேரம், அடுப்படி, துணி, இலை வெட்டுதல், சாப்பாடு, போன், டியூஷன், இரவுச் சமையல் என்று உள்ளது உள்ளபடி இருக்கட்டும். உங்களுக்கே உங்களுக்கென்று கிடைக்கும் நேரம் பன்னிரண்டு மணியாக இருக்காது. மூன்றோ நான்கோ மணி நேரம், அதுவும் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தாலும் இருபத்தைந்து வாரத்தில் 450 மணி நேரம் ஆகிறது. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 வினாக்கள் பத்தாம் வகுப்புத் தரத்திலான தமிழ். 75 பொது அறிவு. 25 திறனறிவுக் கணக்கு. கணிதப் பட்டதாரியான உங்களுக்கு அந்த 450 மணி நேரம் குறைவானதன்று.

அடுத்து ஊக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீங்கள் கேட்டிருப்பது அதைத்தான். ஊக்கம் முதலில் வரும், அது வந்தபின் வேலை நடக்கும் என்று நாம் எல்லோரும் நம்பி வளர்கிறோம். மனநலத் துறையில் எங்கள் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. 1970களில் பீட்டர் லூயின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் மனச்சோர்வுக்கு வளர்த்தெடுத்த சிகிச்சை முறையின் அடிப்படை, மனநிலை மாறட்டும் என்று காத்திராமல் முதலில் சிறு செயல்களை நாளுக்குள் திரும்பக் கொண்டுவருவது, செயலின் பின்னால் மனநிலை மெல்ல வரும் என்பதுதான். இன்றும் அந்த முறையை நாங்கள் பயன்படுத்துகிறோம். படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம், உற்சாகம் வந்தபின் எழுந்து நடங்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள் என்றுதான் தொடங்குகிறோம். உங்கள் படிப்புக்கும் இது பொருந்தும். பத்துக் கணக்கில் நான்காவது கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஐந்தாவதைப் போடும் மனம் வரும். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தால் வராது.

காலையில் நீங்கள் பார்க்கும் வீடியோக்களை நான் இந்த வகையில்தான் எதிர்க்கிறேன். அவற்றில் பேசுபவர்கள் நல்லெண்ணத்தோடு பேசுபவர்களாக இருக்கலாம். ஆனால் அவற்றைப் பார்த்து முடிக்கும்போது, ஏதோ ஒன்றைச் சாதித்துவிட்ட நிறைவு மனத்துக்குக் கிடைத்துவிடுகிறது. அந்த நிறைவுக்குப் பின் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் முதல் பக்கம் சப்பென்று இருப்பது இயற்கை. நாளின் மிகத் தெளிவான நேரமும் அதில் போய்விடுகிறது. டெலிகிராம் குழுக்களில் வரும் பிடிஎஃப்களைச் சேர்த்து வைப்பதும் இதே வகைதான், அந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால். காலைப் படிப்பு முடியும் வரை போன் அடுப்படி அலமாரியில் இருக்கட்டும்.

இனி, பழக்கம் எப்படி உருவாகிறது என்பதற்கு வருகிறேன். 21 நாள் ஒன்றைச் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1960இல் ஓர் அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தங்கள் புதிய முகத் தோற்றம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாள் ஆவதாகத் தமது நூலில் எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கங்களுக்குமான சட்டம்போல ஆகிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில் 96 பேர், மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் பதினைந்து நிமிட ஓட்டம் என்பதுபோல ஒரே ஒரு புதிய செயலை 84 நாள் செய்துவந்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். உங்களைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் முக்கியமான செய்தி வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மூன்றாம் நாள் தடைப்பட்டதும் எல்லாம் போயிற்று என்று ஒரு வாரத்தையே விட்டுவிடுகிறீர்களே, அந்த ஒரு வாரம்தான் உங்களுக்கு இழப்பு. தடைப்பட்ட அந்த ஒரு நாள் இழப்பே இல்லை.

இதில் ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடிப்பதும் பழம் சாப்பிடுவதும் யோசிக்காமல் நடக்கும் பழக்கங்களாகலாம். கணக்குப் போடுவது ஒருநாளும் அப்படி ஆகாது. படிப்பு என்பது கடைசி நாள் வரை முயற்சி கேட்கும் வேலைதான். பழக்கமாகக்கூடியது, படிக்க உட்காருவது மட்டும்தான். ஆகவே ‘தினமும் மூன்று மணி நேரம் படிக்கும் பழக்கம்’ என்று மனத்தில் வைத்துக்கொள்ளாமல், ‘அடுப்படியை விட்டு வெளியே வந்ததும் உட்காரும் பழக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபின் நடக்கும் வேலை கடினமாக இருந்தால், உங்களிடம் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

எப்போது உட்காருவது என்பதைக் கடிகாரத்தை வைத்துத் தீர்மானிக்காமல், உங்கள் வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டிவிடுவது நல்லது. தண்ணீர் தாமதமாக வந்தால் ஏழு மணி என்பது ஏழரை ஆகும்; ஆனால் காலைப் பாத்திரம் கழுவி முடிப்பது என்றைக்கும் நடக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து வந்திருக்கிறார். ‘நான் நன்றாகப் படிப்பேன்’ என்று உறுதி எடுப்பவரைவிட, ‘இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று வரையறுத்துக்கொள்பவர் சொன்னதைச் செய்து முடிப்பது கூடுதலாக இருக்கிறது என்பதை, அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் காட்டினார்கள். உங்களுக்கான வாக்கியத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘காலைப் பாத்திரத்தைக் கழுவிக் கையைத் துடைத்ததும், நடுவீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, நேற்று குறித்து வைத்த பத்துக் கணக்கைப் போடுவேன்.’ வாக்கியம் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாறலாம். ஆனால் முந்தைய செயல், இடம், வேலையின் அளவு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். கணக்கில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அது உங்களுக்குக் கைவந்த பாடம் என்பதோடு, பத்துக் கணக்கு முடிந்தால் முடிந்தது என்று தெளிவாகத் தெரிவதும்தான். முதல் இரண்டு வாரம் இந்த ஒரு வாக்கியம் மட்டும் போதும். கூடுதலாகப் படித்தால் மகிழ்ச்சி, படிக்காவிட்டாலும் அன்றைய நாளுக்குக் குறி போட்டுவிடுங்கள். அது நிலைத்தபின் மதியத்துக்கு ஒன்று, டியூஷனுக்குப் பிறகு ஒன்று என்று சேர்க்கலாம்.

‘நேற்று குறித்து வைத்த’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இதற்கு உங்கள் அம்மாவைவிட நல்ல ஆசிரியர் இல்லை. என் பணியின் தொடக்க ஆண்டுகளில் தென்காசி வட்டாரத்துக் கிராமங்களுக்கு அடிக்கடி வந்திருக்கிறேன். பீடி சுற்றும் பெண்கள் மறுநாளுக்கான இலையை முந்தின இரவே தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். காலையில் இலை பதமாக இருக்கும். சுளகை மடியில் வைத்தால் கத்தரியை எடுத்து வெட்டத் தொடங்கிவிடலாம். காய்ந்த இலையை வெட்டினால் உடையும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிப்பிலும் அதே முன்வேலையைச் செய்யுங்கள். அம்மா இலை நனைக்கும் அதே நேரத்தில், மறுநாள் போட வேண்டிய பத்துக் கணக்கைப் புத்தகத்தில் பென்சிலால் வட்டமிட்டு, நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, பேனாவோடு ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் என்ன படிப்பது என்ற கேள்வி அதோடு முடிந்துவிடுவதால், காலையில் உட்கார்ந்ததும் கை எழுதத் தொடங்கும்.

படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் தேவைப்படலாம், ஏனெனில் உழைப்புக்குப் பலன் தெரியாதபோதும் பழக்கம் நின்றுபோகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதத்தையே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து முதல் குழு 40 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. எழுதிப் பார்த்த குழு 61 சதவீதத்தில் நின்றது. திரும்பத் திரும்பப் படிப்பது நன்றாகப் படித்த உணர்வைத் தரும், தேர்வு நாளில் கைவிட்டுவிடும். எனவே ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதுங்கள். டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களை வாரம் ஒருமுறை நேரம் வைத்து எழுதுங்கள். படித்ததை டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருப்பது பெரிய வசதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பல்லவர் வரலாற்றைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடிந்தால் உங்களுக்கு அது வந்துவிட்டது.

வீட்டில் விசேஷம், காய்ச்சல், மாதவிடாய் வலி, கரண்ட் இல்லாத நாள் ஆகியவை வரத்தான் செய்யும். அன்றைக்குப் பத்துக் கணக்குக்குப் பதில் இரண்டு கணக்கு. அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மறுநாள் இருபது போட்டு ஈடுகட்ட மட்டும் முயல வேண்டாம். கடன் ஏறிய புத்தகத்தைத் திறக்க யாருக்கும் கை வராது.

அம்மாவிடம் பேசுவது பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் அந்த ஒரு மணி நேரம் உங்களை யாரும் கூப்பிடாமல் இருப்பதற்கு வீட்டில் உள்ளவர்களின் ஒப்புதல் வேண்டும். ‘படிக்கவிடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘அம்மா, பாத்திரம் கழுவியதும் ஒரு மணி நேரம் எனக்கு விட்டுவிடுங்கள், அது முடிந்ததும் இலை வெட்ட வந்துவிடுகிறேன்’ என்று அளவு சொல்லிக் கேட்பது எளிதில் பலிக்கும், ஏனெனில் அவருக்கும் அன்றைய எண்ணிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால், தண்ணீர் எடுப்பதையும் துணி காயப்போடுவதையும் அவர்களிடம் ஒப்படையுங்கள். பெண்பிள்ளையின் படிப்பு மிச்ச நேரத்தில் நடக்கட்டும் என்ற எண்ணத்தால் வீணான திறமைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்த வரிதான். இரண்டு மணிக்குத் தூங்கி நான்கு மணிக்கு எழும் அட்டவணையை இனி ஒருநாளும் போடாதீர்கள். உங்கள் வயதில் ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். படித்தது மனத்தில் பதிவதற்கும் அந்தத் தூக்கம் தேவை. முதல் வேலையாக, எழும் நேரத்தை ஐந்தரை அல்லது ஆறு என்று ஒரே நேரமாக வையுங்கள். தூங்கும் நேரம் சில வாரங்களில் தானாக முன்னால் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் பாரமாக இருப்பது, முன்பு பிடித்தவை எதிலும் நாட்டமில்லாமல் போவது, பசி மாறுவது, நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடாமல் வருவது ஆகியவையும் தூக்கமின்மையோடு சேர்ந்திருந்தால், அது பழக்கத்தால் சரிசெய்ய வேண்டிய ஒன்றாக இராது. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் என்ன பயன் என்பதுபோன்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, காத்திராமல் 14416 என்ற, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் இலவச எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வது என் கடமை. 2024 குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காத தேர்வு இது. எனவே முந்தைய இரண்டு முடிவுகளை உங்கள் உழைப்புக்கும் அறிவுக்கும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அதோடு, இன்னும் எத்தனை முறை எழுதப்போகிறீர்கள் என்பதை இப்போதே, மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், அம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்து எழுதி வையுங்கள். டியூஷனில் உங்களுக்கு இருக்கும் கைத்திறன் சாதாரணமானதன்று, பி.எட். படிப்பதோ, அந்த டியூஷனையே விரிவாக்குவதோ அந்தப் பேச்சில் இடம்பெறட்டும். ஒரே கதவை நம்பிக்கொண்டு படிப்பவருக்கு ஒவ்வொரு நாள் படிப்பும் வாழ்வா சாவா என்று ஆகிவிடுகிறது. அந்த அச்சமே புத்தகத்தைத் திறக்கவிடாமல் செய்வதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் குறிப்பை எழுதி முடித்ததும் பாத்திரம், ஜன்னல், பத்துக் கணக்கு என்று தொடங்குங்கள். சுவரில் மாதக் காலண்டர் இருந்தால் உட்கார்ந்த நாளுக்குப் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். தவறிய நாளில் ஏன் தவறியது என்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள். பத்து வாரம் கழித்து அந்தத் தாள்களின் நகலோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். தவறிய நாள்களை அழித்துவிடாமல் அனுப்புங்கள். அவற்றை வைத்துத்தான் அடுத்து எதை மாற்றலாம் என்று உங்களுக்குச் சொல்ல முடியும்.